பி.எஸ்.6 லாரியின் புகைச் சுத்திகரிப்பு அமைப்பு: இயங்கும் விதமும் கவனிக்க வேண்டிய ஆபத்துகளும்

பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) எனப்படும் வாகனப் புகை விதிகளின்படி 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டீசல் லாரிகளில், பழைய சைலன்சர் இருந்த இடத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய எஃகுப் பெட்டி ஒன்று சேஸியில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஓட்டுநர்களில் பலர் அதை இன்னமும் சைலன்சர் என்றே குறிப்பிடுகிறார்கள். சத்தத்தை அடக்கும் வேலையும் அதற்கு உண்டு என்றாலும், அதன் முதல் வேலை எஞ்சினிலிருந்து வரும் புகையில் உள்ள கரியையும் நச்சு வாயுக்களையும் ஒவ்வொரு படியாகப் பிரித்து, எரித்து, மாற்றி வெளியேற்றுவதே. லாரி இழுவை குறைந்து நடுவழியில் நிற்பதற்கும், பட்டறைச் செலவு திடீரென்று லட்சத்தை எட்டுவதற்கும் இந்தப் பெட்டியைப் பற்றிய அறியாமையே பெரும்பாலும் காரணமாக இருப்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆகவே இது எப்படி இயங்குகிறது, எங்கே ஆபத்து இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

இரண்டையும் சேர்த்து விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அமைப்பின் ஒவ்வொரு பகுதியும் வெப்பத்தை நம்பியே வேலை செய்கிறது. வெப்பம் போதாவிட்டால் கரி அடைக்கிறது, புகையில் தெளிக்கப்படும் யூரியா கரைசல் கட்டியாகிறது, சென்சார் கெடுகிறது. அதே வெப்பம் போதிய அளவுக்கு வந்த பிறகு, அருகில் நிற்கும் மனிதருக்கும் கீழே கிடக்கும் சருகுக்கும் அதுவே ஆபத்தாகிறது. வெப்பம் எப்போது தேவை, எப்போது அதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஓட்டுநருக்கு இந்தப் பெட்டி பெரிதாகத் தொல்லை கொடுப்பதில்லை.

புகை கடந்து செல்லும் வழி

பி.எஸ்.4 விதிகளில் கனரக எஞ்சின்கள் ஒரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கு 3.5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடலாம் என்று இருந்தது. பி.எஸ்.6 அதை நிலையான ஓட்டச் சோதனையில் 0.40 கிராமாகக் குறைத்தது. கரித்துகளின் எடைக்கு மட்டுமல்லாமல், துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தது. எஞ்சினுக்குள் செய்யும் மாற்றங்களால் மட்டும் இந்த அளவை எட்டுவது மிகவும் கடினம். சிலிண்டரில் வெப்பத்தைக் கூட்டினால் கரி குறையும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு பெருகும். வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி பெருகும். இந்தக் கயிறிழுப்பை எஞ்சினுக்கு வெளியே, புகைப்பாதையில் வைத்துத் தீர்ப்பதற்காகவே இந்தப் பெட்டி வந்தது.

எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவை விட்டு வெளியேறும் புகை முதலில் டி.ஓ.சி. எனப்படும் ஆக்சிஜனேற்ற வினையூக்கிக்குள் நுழைகிறது. தேன்கூடு போன்ற துளைகள் கொண்ட அதன் உட்புறத்தில் பிளாட்டினமும் பல்லேடியமும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடும் எரியாமல் வந்த டீசல் ஆவியும் இங்கே எரிந்துவிடுகின்றன. இதைவிட முக்கியமான ஒரு வேலையும் இங்கேதான் நடக்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் ஒரு பகுதி நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. அடுத்த கட்டத்தில் கரியை எரிப்பதற்கு அதுவே உதவுகிறது. ஏறத்தாழ 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வெப்பம் வராத வரையில் இந்த வினையூக்கி செயல்படாது.

அடுத்து வருவது டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி. பீங்கான் போன்ற கார்டியரைட் அல்லது சிலிக்கான் கார்பைடால் ஆன இதில் நீண்ட குழாய்த் துளைகள் நெருக்கமாக அமைந்திருக்கும். ஒரு துளையின் முன்வாய் திறந்தும் பின்வாய் அடைத்தும், அதற்கு அடுத்த துளையின் முன்வாய் அடைத்தும் பின்வாய் திறந்தும் இருக்கும். ஆகவே உள்ளே வந்த புகை நேராக வெளியேற வழியில்லாமல், நுண்துளைகள் நிறைந்த பீங்கான் சுவரை ஊடுருவியே அடுத்த துளைக்குப் போக வேண்டும். வாயு சுவரைக் கடந்துவிடும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட கரியைப் பிடித்துக்கொள்கிறது.

வடிகட்டியைத் தாண்டிய புகையில் யூரியா கரைசல் நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. புகையின் வெப்பத்தில் அதிலுள்ள நீர் ஆவியாகி, யூரியா சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. அந்த அம்மோனியா எஸ்.சி.ஆர். வினையூக்கிக்குள் நைட்ரஜன் ஆக்சைடோடு வினைபுரியும்போது, நாம் சுவாசிக்கும் காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நைட்ரஜனும் நீராவியுமே மிஞ்சுகின்றன. வினையில் செலவாகாமல் எஞ்சிய அம்மோனியா மூக்கைத் துளைக்காதபடி, கடைசியில் சிறியதொரு வினையூக்கி அதையும் மாற்றிவிடுகிறது. புகையின் வெப்பம் 200 டிகிரியை நெருங்காத வரையில் யூரியாவைத் தெளிக்க கட்டுப்பாட்டுக் கணினி பொதுவாக அனுமதிப்பதில்லை.

இந்த வரிசை முழுவதையும் சென்சார்கள் கண்காணிக்கின்றன. வெப்பநிலையை அளப்பவை பல இடங்களில் இருக்கும்; வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒன்று அளக்கும்; நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் முன்னொன்றும் பின்னொன்றுமாக இருக்கும். நாக்ஸ் சென்சாரின் பீங்கான் முனை ஏறத்தாழ 800 டிகிரிக்குச் சூடேறிய பிறகே அளக்கத் தொடங்கும். அந்தச் சூட்டில் ஒரு துளி நீர் பட்டாலும் அது விரிசல் விடும். வண்டியைக் கழுவும்போது புகைக்குழாய்க்குள் அழுத்த நீரைப் பாய்ச்சக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரி எரியும் இரண்டு வழிகள்

வடிகட்டியில் சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்து வாயுவாக்கி வெளியேற்றுவதே ரீஜெனரேஷன். சுருக்கமாக ரீஜென் என்பார்கள். சுமையேற்றிய லாரி ஒன்று சேலத்தில் புறப்பட்டு, தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் செல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்திலும் நெடுஞ்சாலை ஓட்டத்திலும் புகையின் வெப்பம் 250 முதல் 400 டிகிரி வரை தானாகவே எட்டுகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு அந்த வெப்பத்தில் கரியை மெல்ல மெல்ல எரித்துக்கொண்டே வருவதால், ஓட்டுநருக்கு இது நடப்பதே தெரியாது. டீசலும் கூடுதலாகச் செலவாகாது.

நகருக்குள் தண்ணீர் லாரியோ, கான்கிரீட் கலவை வண்டியோ, குப்பை அள்ளும் வண்டியோ ஓட்டுபவரின் நிலை இதற்கு நேர் எதிரானது. நூறு மீட்டர் ஓடி நிற்பது, எஞ்சினை ஓடவிட்டு பம்பை இயக்குவது, மீண்டும் நூறு மீட்டர் நகர்வது என்றே நாள் முழுவதும் கழிவதால், புகை சூடாவதற்கே நேரம் கிடைப்பதில்லை. கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. அழுத்த வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் கணினி தானே தலையிட்டு, கூடுதல் டீசலைப் புகைப்பாதைக்கு அனுப்புகிறது. அந்த டீசல் டி.ஓ.சி.யில் எரிந்து, வடிகட்டியின் வெப்பத்தை 550 முதல் 600 டிகிரிக்கும் மேலே உயர்த்துகிறது. கரி ஆக்சிஜனோடு நேரடியாக எரிய அந்த அளவு வெப்பம் தேவை.

கூடுதல் டீசலைச் சில எஞ்சின்கள் புகைக்குழாயில் தனியாக உள்ள இன்ஜெக்டர் மூலம் தருகின்றன; வேறு சில, சிலிண்டருக்குள்ளேயே பவர் ஸ்ட்ரோக் (எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளும் கட்டம்) முடியும் தறுவாயில் தெளிக்கின்றன. இரண்டாவது வகையில் டீசலின் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடக் கூடும். ரீஜென் பாதியில் நிறுத்தப்படுவது வழக்கமாகிவிட்டால், டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்கு மாறாக ஏறத் தொடங்கும். ஆயில் கூடியிருக்கிறது என்று மகிழ்ச்சி அடைய இதில் எதுவும் இல்லை. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. அளவு மிகவும் ஏறிவிட்டால் அந்த ஆயிலே எரிபொருளாகி எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஓடும் அபாயமும் உண்டு. அதிகபட்சக் கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்தால் வண்டியை எடுக்காமல் பட்டறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வண்டியை நிறுத்தி ரீஜென் செய்யும்போது

ஓட்டத்தில் எரிந்து தீராத கரிக்காக டேஷ்போர்டில் டி.பி.எஃப். விளக்கு எரியும். முதல் கட்டத்தில் அது நிலையாக எரிந்தால், நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில், சுமையோடு ஓட்டினாலே பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால், வண்டியை நிறுத்தி, சுவிட்சை அழுத்திச் செய்யும் ரீஜென் தேவைப்படுகிறது. மின்னும் விளக்கோடு எஞ்சின் விளக்கும் சேர்ந்து, இழுவையும் குறைந்துவிட்டால் காலம் கடத்த இடமில்லை. சிவப்பு நிறுத்த விளக்கு வந்த பிறகு ஓட்டுநர் தாமாக ரீஜெனுக்கு முயலவே கூடாது. அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி ஒரே நேரத்தில் தீப்பற்றினால் பீங்கான் உருகும் அல்லது பிளக்கும். அந்த நிலையில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி.

சுவிட்சை அழுத்துவதற்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பத்தியையே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி வைத்துச் செய்யும் ரீஜெனின்போது புகைக்குழாயிலிருந்து வரும் காற்றும் பெட்டியின் அருகிலுள்ள உலோகமும் காகிதம், வைக்கோல், சருகு ஆகியவற்றைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும். சாலையோரக் காய்ந்த புல், அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் உலர்த்தப் போட்டிருக்கும் சோளத்தட்டை, சர்க்கரை ஆலை வளாகத்தில் சிதறிக் கிடக்கும் கரும்புச் சோகை, பஞ்சு மில் வாசலில் பறக்கும் பஞ்சு, தென்னை நார்த் தொழிற்சாலையின் நார்த்தூள் என நம் ஊரில் லாரி நிற்கும் இடங்களில் தீப்பிடிக்கும் பொருளுக்குக் குறைவே இல்லை. கான்கிரீட் தளமோ, வெறும் மண்தரையோ, சரளைக் கல் பரப்போ உள்ள திறந்தவெளியில் நிறுத்த வேண்டும். பெட்ரோல் பங்க், எரிவாயுக் கிடங்கு, தாழ்ந்த மரக்கிளை, தகரக் கொட்டகை, மற்றொரு வண்டியின் தார்ப்பாய் ஆகியவற்றுக்கு அருகில் கூடாது. தொங்கும் கயிற்றையும் படபடக்கும் தார்ப்பாய் முனையையும் புகைக்குழாய்ப் பக்கமிருந்து இழுத்துக் கட்டிவிட வேண்டும்.

இடம் சரியான பிறகு கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் பெடல்களிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எஞ்சின் சக்தியால் பம்ப் போன்றவற்றை இயக்கும் பி.டி.ஓ. இணைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். எஞ்சின் முழுமையாகச் சூடாகியிருக்க வேண்டும். டீசலும் போதுமான அளவு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கணினி ரீஜெனைத் தொடங்காது. சுவிட்ச் பழுது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பல, கிளட்ச் பெடல் சென்சார் அல்லது பி.டி.ஓ. சுவிட்ச் கோளாறோடு வருபவையே. சுவிட்சைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்ததும் எஞ்சின் வேகம் தானே உயரும், ஒலி மாறும், அதிவெப்பத்தைக் குறிக்கும் விளக்கு எரியும். வழக்கமாக 20 முதல் 45 நிமிடங்களில் முடிந்துவிடும். அதுவரை ஓட்டுநர் வண்டியை விட்டுப் போகக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புகைக்குழாயிலிருந்து குறைந்தது மூன்று மீட்டருக்குள் யாரையும் அனுமதிக்கக் கூடாது. லாரிக்கு அடியில் நிழலைத் தேடிப் படுத்திருக்கும் உதவியாளர், நாய், விளையாடும் குழந்தை என யாராவது இருக்கிறார்களா என்று முன்னதாகவே ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட வேண்டும். முடிந்த பிறகு சில நிமிடங்கள் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல்) ஓடவிட்டு, அதன்பின் எஞ்சினை நிறுத்துவதே டர்போவுக்கும் நல்லது.

ரீஜெனைத் தற்காலிகமாகத் தடுக்கும் சுவிட்ச் பல வண்டிகளில் உண்டு. சிவகாசியில் பட்டாசோ தீப்பெட்டியோ ஏற்றும் கிடங்கு, எண்ணெய் நிறுவனங்களின் டெர்மினல், பருத்திக் கிடங்கு போன்ற இடங்களுக்குள் நுழைவதற்கு முன் அதை அழுத்துவது கட்டாயம். வெளியே வந்ததும் அதை விடுவிப்பதும் அதே அளவுக்குக் கட்டாயம். தடுப்பு சுவிட்ச் மாதக்கணக்கில் அழுந்தியே கிடந்து வடிகட்டி முழுவதுமாக அடைத்துப்போன வண்டியை நான் கண்டிருக்கிறேன். அந்த வண்டியில் வேறெந்தக் கோளாறும் இல்லை.

வெறுமனே எஞ்சினை ஓடவிடுவது

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட வசதி இது, வரவேற்கத்தக்கது. ஆனால் ஏ.சி.க்காக எஞ்சினை இரவு முழுவதும் ஐடிலில் ஓடவிட்டு உறங்குவது இரண்டு வகையில் கேடு. முதலாவது மனிதருக்கு. குளிர்ந்த டி.ஓ.சி. கார்பன் மோனாக்சைடை எரிக்காது. குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலோ, வண்டி மூடிய கொட்டகையில் நின்றாலோ, மணமே இல்லாத அந்த வாயு கேபினில் சேரும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே வெளியேறித் திறந்தவெளிக்கு வர வேண்டும். மயங்கியவரை வெளியே தூக்கி வந்து 108ஐ அழைக்க வேண்டும். இரண்டாவது கேடு வண்டிக்கு. குறைந்த சூட்டில் யூரியா முழுமையாகச் சிதையாமல் வெள்ளைக் கட்டியாகப் படிந்து, இன்ஜெக்டர் முனையையும் அதற்கு அடுத்துள்ள கலக்கும் பகுதியையும் அடைத்துக்கொள்ளும். ஆரம்பப் படிவு நல்ல சூட்டில் கரைந்துபோகும். நாள்பட்ட கட்டியை உளியால்கூடப் பெயர்ப்பது கடினம்.

யூரியா கரைசல்

ஓட்டுநர்களால் யூரியா என்றும், பெட்ரோல் பங்குகளில் டெஃப் என்றும் சொல்லப்படுவது, 32.5 சதவீத யூரியாவும் 67.5 சதவீத தாது நீக்கிய நீரும் கலந்த நிறமற்ற கரைசல். ஐ.எஸ்.ஓ. 22241 என்ற நியமம் அதன் தரத்தை வரையறுக்கிறது. வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும், 100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 லிட்டர் வரை இது செலவாகும். தீர்ந்துபோனாலோ, தரம் கெட்டிருந்தாலோ, பி.எஸ்.6 விதிகளின்படி கணினி முதலில் எச்சரிக்கும். பின்னர் எஞ்சினின் முறுக்குவிசையில் கால்பங்கைக் குறைக்கும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

உர மூட்டையை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்ற யோசனை எல்லா லாரி ஸ்டாண்டுகளிலும் உலவுகிறது. 45 கிலோ மூட்டையின் மானிய விலை, வரியும் வேப்ப எண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாய்தான் என்பதால் அந்த ஆசை எழுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். உர யூரியாவில் பையூரெட் என்ற கலப்பு 1.5 சதவீதம் வரை இருக்கலாம். அதைக் கொண்டு கரைசல் தயாரித்தால் அது ஏறத்தாழ 0.5 சதவீதமாக நிற்கும். நியமம் அனுமதிப்பதோ 0.3 சதவீதம். நம் உர யூரியா முழுவதும் 2015 முதல் வேப்ப எண்ணெய் பூசப்பட்டே வருகிறது. அந்த எண்ணெய் பம்பின் வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பிசுபிசுப்பாக்கும். தண்ணீரின் நிலை இதைவிட மோசம். டெஃப் கரைசலில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கக் கூடாது. இந்தியக் குடிநீர் நியமமே லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியத்தை ஏற்கத்தக்கது என்கிறது; ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கால்சியம் எரியாது, கரையாது. வினையூக்கியின் துளைகளிலேயே படிந்து அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும். மானிய உரத்தை வேறு பயன்பாட்டுக்குத் திருப்புவது குற்றம் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

முறையான கரைசலும் வெயிலில் கெடும். 30 டிகிரிக்குள் வைத்தால் ஓராண்டு தாங்கும் கரைசல், 35 டிகிரியில் ஆறு மாதத்துக்கே உறுதி. கத்திரி வெயிலில் கேபின் கூரையில் கட்டி வைக்கும் கேனுக்கு அந்த உறுதியும் கிடையாது. நிழலில், மூடி இறுக்கி, தயாரிப்புத் தேதியைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். சந்தேகம் இருந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம், 31.8 முதல் 33.2 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். அது யூரியாவின் செறிவை மட்டுமே காட்டும், தூய்மையைக் காட்டாது என்பதையும் மறக்கக் கூடாது.

நீல மூடி உள்ள டேங்கில் மட்டுமே இதை நிரப்ப வேண்டும். டீசலுக்கோ ஆயிலுக்கோ பயன்படுத்திய புனலை, நன்றாகத் துடைத்திருந்தாலும், இதற்குப் பயன்படுத்தக் கூடாது. தவறுதலாக டெஃப் டேங்கில் டீசலோ, டீசல் டேங்கில் டெஃப்போ ஊற்றிவிட்டால், சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாமல் அப்படியே நிறுத்திவிட வேண்டும். சாவியைத் திருப்பிய உடனே பம்புகள் இயங்கித் தவறான திரவத்தைக் குழாய்களுக்குள் இழுத்துக்கொள்ளும். டேங்கை மட்டும் கழற்றிக் கழுவினால் தீர்ந்துவிடும் பழுது, அந்த ஒரு திருப்பலால் பம்ப், இன்ஜெக்டர் என்று வளரும். எஞ்சினை நிறுத்திய பிறகும் டெஃப் பம்ப் ஓரிரு நிமிடங்கள் ஓடிக் குழாயில் மிஞ்சிய கரைசலை டேங்குக்குத் திருப்பும். அந்த ஒலி அடங்கும் வரை பேட்டரி மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது. அணைத்தால் கரைசல் குழாயிலேயே உறைந்து உப்பாகும்.

கரைசல் நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. கையில் பட்டால் நீரால் கழுவினால் போதும், கண்ணில் பட்டால் 15 நிமிடங்கள் ஓடும் நீரில் கழுவி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் செம்பையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால், வயரிங் கனெக்டரில் சிந்தினால் உடனே துடைத்தாக வேண்டும்.

பட்டறையில் கை வைப்பதற்கு முன்

எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் ஆனதும் வெளிக்குழாய் தொடும் அளவுக்கு ஆறியிருக்கலாம். அதற்குள் இருக்கும் பீங்கான் அப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். ரீஜென் முடிந்து வந்த வண்டியானால் இரண்டு மணி நேரமாவது காத்திருந்து, அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்த பிறகே கிளாம்பைத் தளர்த்த வேண்டும். சுட்டுவிட்டால் அந்த இடத்தை 20 நிமிடங்கள் ஓடும் சாதாரண நீரில் காட்ட வேண்டும். பற்பசை, மை, மாவு எதையும் பூசக் கூடாது. அவை சூட்டை உள்ளேயே அடக்கி, காயத்தைக் கண்டறிவதையும் கடினமாக்குகின்றன.

கழற்றிய வடிகட்டியைக் கம்ப்ரசர் காற்றால் திறந்தவெளியில் ஊதுவது மிகத் தவறான பழக்கம். அதிலிருந்து பறப்பது கரியும், ஆயிலின் கால்சியம், துத்தநாகம் முதலியவற்றிலிருந்து உண்டான நுண்சாம்பலும் ஆகும். பெட்டிக்குள் பீங்கானைச் சுற்றியுள்ள நார்ப்பாய் உதிர்ந்தாலும், வனேடியம் வகை எஸ்.சி.ஆர். வினையூக்கி உடைந்தாலும், அந்தத் தூசி நுரையீரலுக்கு மேலும் கேடு. மூடிய இயந்திரத்தில், உறிஞ்சும் அமைப்போடு சுத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்புவதே சரி. கையாளுபவர் என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசமும், கண்ணாடியும், கையுறையும் அணிய வேண்டும். முகத்தில் கட்டிய துண்டு இதற்குப் போதாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. பட்டறைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது புகைக்குழாயில் குழாய் மாட்டிப் புகையை வெளியே விட வேண்டும்.

வடிகட்டி அடைத்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன், அழுத்த சென்சாரின் இரண்டு மெல்லிய குழாய்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று உருகியிருந்தாலோ, நீர் தேங்கியிருந்தாலோ பொய்யான அளவு வரும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது வேறுபாடு பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழுது சென்சாரில் இருக்கிறது. உண்மையிலேயே அடைத்திருந்தாலும், ஏன் அடைத்தது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் சுத்தம் செய்து மாட்டினால் மூன்று மாதத்தில் அதே வண்டி திரும்பி வரும். டர்போவிலிருந்து ஆயில் கசிகிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கிறதா, புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடியே நிற்கிறதா, தயாரிப்பாளர் சொன்ன குறைந்த சாம்பல் ஆயில், உதாரணமாக சி.கே.-4 வகை, ஊற்றப்பட்டதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கரியை எரிக்கலாம், ஆயில் சாம்பலை எந்த வெப்பமும் எரிக்காது.

கழற்றிவிடுவது பற்றி

வடிகட்டியின் உட்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றும் கருவி ஒன்றைப் பொருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; அப்படி மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாசு வரம்பை மீறிய வண்டியை ஓட்டுபவருக்கு 190ஆம் பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் உரிமத் தகுதி இழப்பும் உண்டு. வெட்டச் சொன்னவர் ஒருவராகவும் உரிமத்தை இழப்பவர் மற்றொருவராகவும் ஆவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

பழைய பி.எஸ்.6 லாரி வாங்குவோர் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில், வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலைப் புகைக்குழாயின் உட்புறத்தில் ஒரு சுற்றுத் துடைத்து எடுக்க வேண்டும். வடிகட்டி நலமாக உள்ள வண்டியில் துணி ஏறக்குறைய சுத்தமாகவே வரும், அல்லது லேசான சாம்பல் நிறம் காட்டும். கரிய பூச்சு ஒட்டி வந்தால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது அல்லது இல்லவே இல்லை. விலை பேசுவதற்கு முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.